மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாடம் பற்றிய கதை, தீர்மானம் உட்பட

1

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, திருச்செங்கோட்டுக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழு மூன்றாம் வகுப்பு அறையில் கூடியது. மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதே கூட்டப் பொருள். அக்குழுவில் நான் கல்வியாளர் என்ற இடத்தில் அமர்ந்திருக்கிறேன். நான் கல்வியாளர் அல்லேன்; ஓய்வு பெற்ற சார்பதிவாளர். அந்த இடத்துக்கு வேறு எவரும் வர ஒப்பாததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கூட்டக் குறிப்பு எழுதும் பணியையும் என்னிடமே கொடுத்தார்கள்.

இந்தக் கதை அந்தக் கூட்டக் குறிப்பிலிருந்து பிறந்தது. எல்லாக் கூட்டக் குறிப்பிலும் 'விவாதத்துக்குப் பின்' என்று ஒரு தொடர் வரும். என் குறிப்பிலும் வந்தது. ஒரு தாய் குரலை உயர்த்தாமல் பேசியதும், ஒரு தந்தை தொலைபேசியில் கத்திப் பேசியதும் அந்தத் தொடருக்குள் அடங்கிவிட்டன. அடங்கியது முறைதான். குறிப்பு என்பது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆயினும் எஞ்சியவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதால் வேறு தாள் எடுத்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரைத் தரவில்லை.

2

முதல் தொடக்கம் இது:

'மாலைக் கதிரவன் சங்ககிரிக் கோட்டைக்குப் பின்னே மெல்ல மறைந்துகொண்டிருந்த வேளையில், சின்னஞ்சிறு யுவஸ்ரீ'

(இங்கே நிறுத்தினேன். சங்ககிரி எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கிறது. கதிரவன் அங்கே மறைவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

'வீட்டுப்பாடம் யாருடைய பாடம்?'

(வினாவில் தொடங்குபவர் விடையை முன்பே வைத்திருப்பார். என்னிடம் அப்போது விடை இல்லை. ஆகவே இதையும் அடித்தேன்.)

மூன்றாம் தொடக்கம் என் தொழிலிலிருந்து வந்தது. பத்திரத்தில் ஒரு மனையை எழுதும்போது நான்கெல்லை குறிப்போம். இதற்குக் கிழக்கு இன்னாருடைய தோட்டம், இதற்கு மேற்கு வண்டித்தடம் என்று எழுதி, 'இதன் மத்தியில் உள்ளது' என்று முடிப்போம். நடுவில் இருப்பது எதுவென்று ஐயம் வரக் கூடாது. அம்முறையிலே சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு மேற்கு, நூல் மில்லுக்குக் கிழக்கு, ஒரு சமையலறைக்கு வடக்கு, சத்தீஸ்கர் மாநிலத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு ரிக் லாரிக்கு மிகவும் தெற்கு. இதன் மத்தியில் உள்ளது எட்டு வயதுப் பெண் யுவஸ்ரீ. அவளுடைய மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாடம் உட்பட.

இந்தத் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

3

யுவஸ்ரீயின் தாய் அகல்யா நூல் மில்லில் வேலை செய்கிறார். குழுவில் பெற்றோர் உறுப்பினர். தந்தை தீனதயாளன் ரிக் லாரியில் துளை ஓட்டுபவர்.

(வெளியூர் வாசகருக்கு: ரிக் என்பது லாரியின் மீது ஏற்றிய ஆழ்துளைக் கிணற்று இயந்திரம். இருபதடி நீள இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி மண்ணுக்குள் இறக்குவார்கள். அக்குழாய்க்கு ராடு என்று பெயர். எங்கள் பக்கத்து ரிக்குகள் ஐப்பசிக்குப் பின் வடக்கே போகும். அங்கே மழை பிடித்தால் திரும்பும். ஆட்களும் அவ்வாறே.)

வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டும் என்று கேட்டவர் அகல்யாதான். தலைமையாசிரியர் நாச்சிமுத்துவுக்கு அது வியப்பாக இருந்தது.

"ஏம்மா, மத்த ஊட்ல எல்லாம் இன்னும் நாலு பக்கம் சேத்திக் குடுங்கன்னு சண்டைக்கு வாராங்க. நீயானா ஒண்ணுமே வேண்டாங்கறே?"

"மத்த ஊட்ல அப்பன் ஊட்ல இருக்காருங்க சார்."

அவர் சொன்னதன் சுருக்கம்: யுவஸ்ரீ கணக்குப் பாடத்தைத் தந்தையோடுதான் செய்வாள். அவர் வேலைக்கு நடுவே வீடியோவில் கூப்பிடுவார். கம்ப்ரசர் ஓடும்போது பேச்சுக் கேட்காது. ரிக் மீது நிற்பவர்கள் கீழே நிற்பவர்களுக்கு விரலால் சைகை காட்டுவது வழக்கம். ஒரு விரல் என்றால் ஒரு ராடு. மகளுக்கும் அவ்வாறே காட்டுவார். அவள் விரலை எண்ணி, இருபதால் பெருக்கி எழுதுவாள்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை அபிநயா வாழப்பாடிக்காரர். இங்கே வந்து இரண்டாம் ஆண்டு.

"கிணத்துல அறுபத்தஞ்சு அடி தோண்டியிருக்கு சார், இன்னும் நாப்பத்தெட்டு அடி தோண்டினா மொத்தம் எவ்ளோ? இதான் கணக்கு. நூத்திப் பதிமூணு வரணும். இவ நூத்தி நாப்பதுன்னு எழுதிட்டு வந்து நிக்கறா."

"எப்படி வரும்?" என்று கேட்டேன்.

"அறுபத்தஞ்சுக்கு மூணு ராடு பத்தாதாம், நாலு விரல். நாப்பத்தெட்டுக்கு மூணு விரல். ஏழு ராடு, நூத்தி நாப்பது. சரி, கிணறுன்னா போகுதுன்னு விட்டேன். மறுநாள் பால் கணக்கு. முப்பத்து மூணு லிட்டரை நாப்பதாக்கிட்டா. பாலுக்கு எதுக்குடி ராடுன்னு கேட்டா, 'எங்கப்பாவுக்குக் கால் விரல், அரை விரல் காட்ட வராது மிஸ்'ங்கறா."

எல்லோரும் சிரித்தார்கள். அகல்யா சிரிக்கவில்லை.

"சிரிப்புத்தானுங்க. சிவப்பு மையில அடிச்சுக் குடுக்கறீங்களே, அப்பப் புள்ள எங்கப்பாவுக்குக் கணக்குத் தெரியாதான்னு ராத்திரி முச்சூடும் கேக்கும். நான் சொல்லிக் குடுத்தா வாங்கறதில்ல. அவரு போன் வந்தாத்தான் பென்சிலைத் தொடும். டவர் இல்லாத நாளு சோத்தையும் தொடாது. நான் மில்லுல நின்னுட்டு வந்து அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். பாடமே இல்லைன்னா காத்துக்கிட்டு இருக்கறதும் இல்லீங்கல்ல?"

அவரையும் கேட்டுவிடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். அகல்யா தம் அலைபேசியை மேசையின்மீது வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

"வணக்கமுங்க எல்லாருக்கும். இங்க கம்ப்ரசர் ஓடுதுங்க, கத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க."

நாச்சிமுத்து பொருளைச் சொன்னார்.

"தப்பாச் சொல்லிக் குடுக்கறேன்னா ஒத்துக்கறேனுங்க. ஆனா அதை எடுத்துட்டீங்கன்னா நான் புள்ளகிட்ட எதைங்க பேசறது? சாப்ட்டியாம்பேன், சாப்ட்டேங்கும். பள்ளிக்கொடம் போனியாம்பேன், போனேங்கும். அத்தோட முடிஞ்சுது. கணக்குன்னா கால் மணி நேரம் மூஞ்சியப் பாப்பேனுங்க."

"போன் வராத அன்னிக்கு அது பட்டினி கெடக்கறதையும் சொல்லுங்க சார்கிட்ட," என்றார் அகல்யா.

"டவர் இல்லாத ஊருக்கு நானா ஆசப்பட்டுப் போறேன்? தண்ணி இல்லாத எடமாப் பாத்துத்தான் ரிக்கக் கூப்படறான். அங்க டவரும் இருக்கறதில்ல, டீக்கடையும் இருக்கறதில்ல."

"டீக்கடை இல்லாத கவலைய மட்டும் எப்பவும் மறக்காமச் சொல்லுவாருங்க."

மறுமுனையிலும் சிரிப்புக் கேட்டது.

4

இந்த இடத்தில் கதை பல நாள் நின்றது. காரணத்தை வாசகரிடம் மறைப்பதில் பயனில்லை. தீனதயாளன் மீது எனக்கு ஐயம் வந்தது. வெளியூரில் உழைக்கும் தந்தை, மகள்மீது உயிரையே வைத்திருக்கிறார் என்று எழுதினால் வாசகர் உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். மில்லிலிருந்து வந்து, பசித்த பிள்ளையின் முன் அமர்ந்திருக்கும் அகல்யாவுக்கு அது அநீதி. ஆகவே ஒரு படியில் தீனதயாளனைக் குடிப்பவராக எழுதினேன். இரண்டு பத்திக்குள் கதை எளிதாகிவிட்டது. அடுத்த படியில் அவரை நல்லவராக்கி, அகல்யாவைச் சிடுசிடுப்பவராக எழுதினேன். அப்போதும் எளிதாகிவிட்டது. இரண்டையும் கிழித்தேன். கூட்டத்தில் கை தூக்கும்போது அந்த வசதி எனக்கு இருக்கவில்லை. கதையில் மட்டும் அதை எடுத்துக்கொள்வது முறையன்று.

கை தூக்குவதற்கு முன் நான் எண்ணியதை இங்கே எழுதிவிடுகிறேன். வீட்டுப்பாடத்துக்குப் பெரியவர்கள் சொல்லும் பயன்களில் முதலாவது பழக்கம். வகுப்பில் கற்றதைத் தனியே ஒருமுறை செய்து பார்த்தால் கைவரும். இதை நான் ஏற்கிறேன். பிள்ளை என்ன படிக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும் என்பது மற்றொன்று. பள்ளிக்குப் போய்க் கேட்டாலும் தெரியும். மாலையில் பிள்ளை சும்மா இருக்கக் கூடாது என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நான்கு பக்கம் கூடுதலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். எட்டு வயதில் சும்மா இருப்பதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பது என் கருத்து. முதற்பயன் ஒன்றே நிற்கிறது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை தனியே செய்யக்கூடியதாக இருந்தால்தான் அது பிள்ளையின் பாடம். இல்லையேல் அது வீட்டில் உள்ளவருக்கு இடப்பட்ட பணி. வீட்டில் எவரும் இல்லாத பிள்ளைக்கு இடப்பட்ட தண்டனை.

இந்த அளவில் சிந்தித்து, நிறுத்துவதற்கு ஆதரவாகக் கை தூக்கினேன். பெரும்பான்மையும் அவ்வாறே இருந்தது. இக்கல்வியாண்டு முடியும் வரை நிறுத்துவது, சனவரிக் கூட்டத்தில் மீண்டும் பார்ப்பது என்று முடிவாயிற்று.

தொலைபேசி இணைப்பு அறுபடாமலே இருந்தது. தீனதயாளன் முழுவதையும் கேட்டிருந்தார்.

"செரிங்க," என்றார். "எல்லாரும் சேந்து சொன்னாச் செரியாத்தான் இருக்கும்."

5

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

முடிவு அ. தீனதயாளன் ரிக் வேலையை விட்டுவிட்டு வந்து பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார். மாலையில் மகளும் தந்தையும் அருகருகே அமர்ந்து

(இதை அகல்யா படித்தால் சிரிப்பார். ஆசைப்பட்டதை நடந்ததாகப் பத்திரத்தில் எழுத முடியாது.)

முடிவு ஆ. பேச்சுக் குறைகிறது. சாப்பிட்டாயா என்ற கேள்வியும் நாளடைவில் வராமல் போகிறது. சமையலறை மேடையில் அலைபேசி ஒலிக்காமல், இருண்ட திரையோடு

(இங்கே மூன்று புள்ளிகள் இட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். முடிக்க இயலாத வாக்கியத்துக்குப் புள்ளிகளால் கண்ணீர் வரவழைப்பது எனக்கு உடன்பாடில்லை. தவிரவும் இது நடக்கவில்லை.)

6

நடந்தது இது.

தீர்மானத்தில் அகல்யாவின் கையொப்பம் விட்டுப்போயிருந்தது. அடுத்த வாரம் ஒரு மாலை, மில் விடும் நேரம் கழித்து, அவர் வீட்டுக்குப் போனேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ரிஜிஸ்டரம்மா. சித்த உக்காருங்க, கையெல்லாம் மாவா இருக்குது. அம்மிணி, அந்தச் சேரை இழுத்துப் போடு."

யுவஸ்ரீ நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு தன் இடத்துக்குப் போய் அமர்ந்தாள். அரிசி டப்பாவின்மீது சாய்த்து வைத்த அலைபேசி; அதன் எதிரே அவள். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. பாடம் இல்லை, காத்திருத்தல் இருந்தது. அகல்யா என்னைப் பார்த்தார். நான் தோசைக் கல்லைப் பார்த்தேன்.

மணி அடித்தது. திரையில் செம்மண் படிந்த முகமும் தலைக்கவசமும் தெரிந்தன. கம்ப்ரசர் ஓசை சமையலறையை நிறைத்தது.

"சாப்ட்டியா சாமி?"

"சாப்ட்டேன்."

(தட்டு தொடப்படாமல் இருந்தது. பதிவு செய்கிறேன்.)

"பள்ளிக்கொடம் போனியா?"

"போனேன்."

அவர் கூட்டத்தில் சொன்ன இரண்டு கேள்விகளும் முடிந்தன. யுவஸ்ரீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வழக்கமான குரலில் கேட்டார்:

"டீச்சரு இன்னிக்கு என்ன கணக்குக் குடுத்தாங்க?"

அகல்யாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. வீட்டுப்பாடம் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சத்தீஸ்கரிலும் தெரியும்.

யுவஸ்ரீ தாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக் குழுவில் நான் இருப்பதை அவள் அறிவாள். திரைப் பக்கம் திரும்பினாள்.

"குடுத்தாங்கப்பா. கேட்டுக்கங்க. ஒரு போர்ல நாப்பது அடி ஓட்டியாச்சு. அப்பறம் அறுபது அடி ஓட்டறாங்க. மொத்தம் எத்தன?"

தீனதயாளன் இரண்டு விரல் காட்டினார். பிறகு மற்ற மூன்றையும் விரித்தார். கை முழுவதும் திரையில் நின்றது.

"அஞ்சு ராடு!" என்றாள். "நூறு அடி!"

"செரியா?"

"செரி. இன்னொண்ணு இருக்குது. ஒரு மாடு காலையில இருவது லிட்டரு கறக்குது, பொழுதோட இருவது லிட்டரு கறக்குது."

"எந்த ஊரு மாடு சாமி அது? உங்கம்மாகிட்டச் சொல்லி நம்மூட்டுக்கு ஒண்ணு புடிச்சுப் போடச் சொல்லு."

"கணக்குல கறக்கும்ப்பா. விரலக் காட்டுங்க."

அவர் இரண்டு விரல் காட்டினார்.

அவ்வாறு மேலும் சில கணக்குகள் நடந்தன. எழுதுகோலோ தாளோ அவள் எடுக்கவில்லை. நாற்பது, அறுபது, எண்பது, மீண்டும் இருபது. எண்களை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். விரல் காட்ட முடியாத எண் ஒன்றுகூட வரவில்லை. அறுபத்தைந்து இல்லை, முப்பத்து மூன்று இல்லை. பிழை எங்கே வருகிறது என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தந்தையின் விரலைத் திருத்த முடியாது. ஆகவே கணக்கைத் திருத்திக்கொண்டாள்.

இணைப்பு முடிந்தபின் தோசையைத் தின்றாள். அகல்யா கையைக் கழுவிக்கொண்டு வந்து கையொப்பம் இட்டார். வாசல் வரை என்னுடன் வந்தார்.

"அவருக்குத் தெரியும்ங்க. அன்னிக்குக் கூட்டத்துல அவரே கேட்டாரில்ல."

"குழந்தைக்கு?"

"பாடம் இல்லைன்னு அவருக்குத் தெரியும்னு, இதுக்குத் தெரியுமான்னு கேக்கறீங்களா? நான் கேக்கலீங்க. கேட்டா நிறுத்திப்போடுமோன்னு இருக்குது."

சார்பதிவாளர் மேசையில் இரு தரப்பாரும் எதிரே நிற்பார்கள். எழுதியிருப்பது உண்மையா என்று கேட்பேன். ஆம் என்று இருவரும் சொன்ன பின்பே பதிவேன். பொய் என்று இரு தரப்பாரும் அறிந்து, இரு தரப்பாரும் மனமொப்பி எழுதிக்கொள்ளும் பத்திரம் ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை. அன்று மாலை வந்தது. மறுக்க விதி தெரியவில்லை.

7

2026ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், வெள்ளிக்கிழமை, குழு மீண்டும் கூடியது. நிறுத்தியதால் என்ன மாற்றம் என்று நாச்சிமுத்து கேட்டார். அகல்யா உள்ளதைச் சொன்னார். காத்திருத்தல் நிற்கவில்லை என்பதையும், மகளே கணக்குப் போட்டுத் தந்தையைக் கேட்கிறாள் என்பதையும் சொன்னார்.

தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார்.

"அருமையா இருக்குதே! இதையே எல்லாப் புள்ளைகளுக்கும் வெச்சரலாம். தெனமும் சொந்தமா ரெண்டு கணக்கு உண்டாக்கி எழுதிக்கிட்டு வரட்டும். நாமக்கல் மாவட்டக் கூட்டத்துல நம்ம பள்ளிக்கொடத்தப் பத்திப் பேசலாம்."

அபிநயாவுக்கும் அதில் விருப்பம் இருந்தது. எனக்கும் ஒரு கணம் இருந்தது. கல்வி என்ற முறையில் பார்த்தால் அது சிறந்த யோசனை. கணக்கைச் செய்வதைவிட அமைப்பது கடினம்.

"வேண்டாங்க சார்," என்றார் அகல்யா.

"ஏம்மா, இதுலயும் வேண்டாமா?"

"நீங்க குடுத்தீங்கன்னா அது மறுக்காவும் டீச்சரு கணக்காயிரும். அப்பறம் அதுக்கும் சிவப்பு மை வரும்."

"நான் திருத்த மாட்டேன்க்கா," என்றார் அபிநயா.

"எத்தன நாளைக்கு மிஸ் திருத்தாம இருப்பீங்க?"

அபிநயா சற்று யோசித்தார்.

"ஒரு வாரம் இருப்பேன்."

அறை முழுதும் சிரித்தது. இம்முறை அகல்யாவும் சிரித்தார்.

8

வாசகர் இப்போது ஒன்றைக் கேட்பார். தந்தைக்குத் தெரியும் என்பது யுவஸ்ரீக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கதாசிரியர் என்ற உரிமையில் ஒரு விடையை எழுத என்னால் முடியும். இரண்டு வாக்கியம் போதும். அகல்யா கேட்காமல் விட்டதை நான் கேட்பதாக இல்லை. அந்த இடத்தை வாசகர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

தீர்மானிக்கப்பட்டதை மட்டும் நான் எழுத முடியும். மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் இல்லை என்னும் முடிவு கல்வியாண்டு இறுதி வரை தொடரும். பயிற்சிக் கணக்குகளை வகுப்பு நேரத்திலேயே அபிநயா செய்விப்பார். சொந்தக் கணக்கு எழுதி வரச் சொல்லும் யோசனை கைவிடப்பட்டது. நானும் அதற்கு எதிராகவே கை தூக்கினேன். மாணவி ஒருத்தி மாலையில் வீட்டில் போடும் கணக்கைப் பற்றிப் பள்ளி எதுவும் கேட்காது. அக்கணக்கைக் கொடுத்தவர் டீச்சர்தாமா என்று தீனதயாளன் என்றேனும் கேட்டால், ஆம் என்று சொல்ல அபிநயா ஒப்புக்கொண்டிருக்கிறார். இது குறிப்பில் இடம்பெறவில்லை. அவர் கேட்க மாட்டார் என்பது எல்லோருடைய கருத்தும்.

அகல்யா தம் வீட்டளவில் தனியே ஒரு முடிவு எடுத்தார். தட்டுக் காலியான பிறகே அலைபேசி அரிசி டப்பாவின்மீது ஏறும். டவர் கிடைக்காத நாளுக்கும் இதுவே விதி. இதைத் தீனதயாளனிடம் சொன்னபோது அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாராம். ஒரு ராடா, சரியா என்று யுவஸ்ரீ கேட்டாளாம். சரி என்றாராம்.

கூட்டக் குறிப்பில் இவ்வாறு எழுதினேன்: 'விவாதத்துக்குப் பின், முன்னைய தீர்மானம் மாற்றமின்றித் தொடர்கிறது.' அகல்யா அன்றே கையொப்பம் இட்டார்.